கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் இத்தாலியக் கொடி

தேனியிலிருந்து தென்மேற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்னும் ஊர்களைக் கடந்து குமுளி மலையின் அடிவாரத்தை அடைகின்றது. ஒருபுறம் மேகமலைத் தொடர். மறுபுறம் கேரள எல்லையாக நிற்கும் மலைத்தொடர். இவ்விரண்டுக்கும் இடையே பசுமை போர்த்துக் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. நெல்லும் தென்னையும் வாழையும் அங்கே உண்டு. ஆனால் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களின் பக்கம் செல்வோரின் கண்ணை முதலில் கவர்வன திராட்சைப் பந்தல்களே. கல் தூண்கள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றின் மேல் கம்பிகள் வலைபோல் ஓட, அக்கம்பிகளின் மேல் படர்ந்த கொடிகளிலிருந்து கருநீலக் குலைகள் தலைக்கு மேல் தொங்கும் காட்சி அழகியது.

அக்குலைகளின் பெயர் பன்னீர்த் திராட்சை. அப்பெயரை அறியாத தமிழர் சிலரே. ஆயினும் அப்பழத்தின் பிறப்பு யாது, அதன் தாய்நாடு எது, அது எவ்வழியாக இங்கு வந்தது என்று வினவினால் விடை கூறுவோரும் சிலரே. மன்னர்களின் படையெடுப்பும் உடன்படிக்கைகளும் மட்டுமே வரலாறு ஆகா. ஒரு கொடியின் பயணமும் வரலாறே. பன்னீர்த் திராட்சையின் வரலாறு இத்தாலிய நாட்டின் கொடித்தோட்டங்களிலிருந்து தொடங்குகின்றது. அதனையே இன்று காண்போம்.

முதலில் நம் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்தாலியத் திராட்சையின் சாறு தமிழகத்திற்கு வந்து ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன; கொடி வந்ததோ மிகவும் பிற்காலத்தில்தான். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல், மேற்குக் கரையின் பரிகாசா துறைமுகத்தில், அதாவது இன்றைய பரூச்சில், இறக்குமதியான சரக்குகளைப் பட்டியலிடுகின்றது. அங்கே பலவகை மதுக்கள் வந்தன என்றும், அவற்றுள் இத்தாலிய மதுவே விரும்பப்பட்டது என்றும் அந்நூலாசிரியர் குறிக்கின்றார். சேரநாட்டு முசிறித் துறைக்கும் மது வந்தது. ஆனால் அளவு மிகுதி அன்று என்றும் அவர் எழுதுகின்றார். கிழக்குக் கரையில், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இருபுறமும் கைப்பிடி கொண்ட உரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அரிக்கமேட்டில் கிடைத்த சாடிகளுள் சில இத்தாலியின் கம்பானியா மாநிலத்துக் களிமண்ணால் ஆனவை என்பதை அறிஞர் பின்னர் தெளிந்தனர்.

இச்செய்திக்கு நம் இலக்கியமும் சான்று பகர்கின்றது. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனை நக்கீரர் வாழ்த்திப் பாடியது புறநானூற்றின் 56-ஆம் பாட்டு. யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் நாள்தோறும் ஊட்ட, மன்னன் இனிது வாழவேண்டும் என்பது அப்புலவரின் வாழ்த்து. தேறலின் சுவையைக் காட்டிலும் அதன் மணத்தையே புலவர் எடுத்துக் கூறுவது நோக்கத்தக்கது. மணமே இன்று நாம் பேசும் பொருளின் உயிர்நாடியும் ஆகும்.

மது வந்தபோது கொடி ஏன் வரவில்லை? கொடி குளிர்நாட்டுச் செடி. இத்தாலியில் மழைக்காலமும் பனிக்காலமும் வந்தவுடன் அது இலையுதிர்த்து உறங்கும். வேனிற் காலத்தில் துளிர்க்கும்; ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையுள்ள மாதங்களில் கனியும். ஆண்டுக்கு ஒருமுறையே அறுவடை. உறக்கம் இல்லாத வெப்ப நாட்டில் அக்கொடியை வளர்த்துப் பயன் கொள்வது ஒரு தனிக் கலை. அக்கலை நம்மிடம் அமைந்த வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன். அதற்கு முன், கொடியின் தாயகத்தைச் சற்றே சுற்றி வருவோம்.

இத்தாலியில் மதுவிற்கென்று பயிரிடப்படும் திராட்சை வகைகள் ஒன்றிரண்டு அல்ல. பதிவேட்டில் உள்ளவை மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டவை. நமது நாட்டில் நெல்லுக்கு எத்தனை பெயர்கள் உண்டோ அத்தனை பெயர்கள் அங்கே திராட்சைக்கு உண்டு. மலைக்கு மலை, ஊருக்கு ஊர் வகை மாறும். வகை மாறினால் சுவையும் மாறும்.

வடமேற்கே பியட்மாண்ட் மாநிலத்தில் விளைவது நெபியோலோ. மூடுபனியைக் குறிக்கும் 'நெபியா' என்னும் இத்தாலியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். குன்றுகளை மூடுபனி போர்த்தும் அக்டோபர் மாதத்தில்தான் அது முதிர்ந்து பறிக்கப்படும். 13-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே அதன் பெயர் காணப்படுகின்றது. பரோலோ என்னும் புகழ்பெற்ற மது இதிலிருந்தே வடிக்கப்படுவது. நாவற்பழத்தைக் கடித்தவுடன் நாவைப் பற்றி இழுக்கும் துவர்ப்பு உண்டல்லவா? அத்தகைய துவர்ப்பு இதில் மிகுதி. மணமோ ரோஜாவையும் தாரையும் ஒருங்கே நினைவூட்டும் என்று சுவை தேர்வோர் கூறுவர்.

நடு இத்தாலியில், டஸ்கனி மாநிலத்தில், ஆட்சி செலுத்துவது சாஞ்சோவேஸே. உரோமரின் இடிக்கடவுளாகிய ஜோவ் என்பவரின் குருதி என்று அப்பெயருக்குப் பொருள் கூறும் மரபு உண்டு. புளிப்புச் செர்ரிப் பழத்தின் சுவையும் கூர்மையான புளிப்பும் அதன் இயல்புகள். கியாந்தி மதுவிற்கு அடிப்படை இதுவே. தெற்கே, வெசூவியஸ் எரிமலையைச் சூழ்ந்த கம்பானியாவிலும் அதை அடுத்த பசிலிகாட்டாவிலும் விளைவது அலியானிகோ. கருத்த நிறமும் கடுந்துவர்ப்பும் உடையது. பல ஆண்டுகள் வைத்திருந்தால் அத்துவர்ப்புத் தணிந்து இனிமை பெறும்.

இவ்வகைகளின் சுவை வேறுபாட்டிற்குக் காரணம் யாது? திராட்சைப் பழத்தின் சதை பெரும்பாலும் நீரும் சர்க்கரையும் புளிப்புமே. நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் உள்ளன. மணம் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் தங்கியிருக்கும். தோல் தடித்தால் துவர்ப்பு மிகும். மெலிந்தால் மென்மை மிகும். பெரும்பாலான வகைகளில் மணம் பழத்தில் ஒடுங்கி நின்று, சாறு புளித்து மதுவான பின்னரே வெளிப்படும். பழமாக உண்ணும்போதே மணம் கமழ்ந்து, மதுவான பின்னும் அதே பழமணம் மாறாமல் நிற்கும் குடும்பம் ஒன்று உண்டு. அதுவே மஸ்கட் குடும்பம். இத்தாலியர் அதனை மொஸ்காத்தோ என்பர்.

இக்குடும்பம் மிகத் தொன்மையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, 'அப்பியானா' என்னும் திராட்சை ஒன்றைக் குறிப்பிட்டு, தேனீக்கள் அதனை மிக விரும்புவதால் அப்பெயர் வந்தது என்று எழுதினார். அது மஸ்கட் இனமே என்பது பலர் கருத்து. இன்றும் பியட்மாண்டின் அஸ்தி நகரைச் சூழ்ந்த குன்றுகளில் சிறுமணி வெள்ளை மஸ்கட் விளைகின்றது. சிசிலிக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே உள்ள பாந்தெல்லேரியாத் தீவில் அதன் வழித்தோன்றலாகிய பெருமணி மஸ்கட் விளைகின்றது. இதனை உலகோர் அலெக்சாந்திரியா மஸ்கட் என்பர். சிசிலியர் சிபிப்போ என்பர். உலர்ந்த திராட்சையைக் குறிக்கும் 'ஸபீப்' என்னும் அரபுச் சொல்லே சிபிப்போ ஆயிற்று. அரபியர் ஆண்ட காலத்தின் சுவடு அப்பெயரில் இன்றும் நிற்கின்றது. கடுங்காற்று வீசும் அத்தீவில், தரையில் குழி பறித்து, கொடியைக் குட்டையான செடிபோல் அக்குழிக்குள் வளர்ப்பர். அம்முறையை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. பாந்தெல்லேரியாவில் கொடி தரைக்குள் ஒளிகின்றது. கம்பத்தில் பந்தலேறி நிற்கின்றது. நிலத்தின் இயல்பு அறிந்து உழவன் கொடியை வளைத்துக்கொள்கின்றான்.

சிபிப்போவை நினைவில் வையுங்கள். அது பன்னீர்த் திராட்சையின் தந்தை.

தாய் யார்? இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், தென் டிரோல் என்னும் பகுதி உண்டு. அங்கே நெடுங்காலமாக விளைந்துவருவது ஸ்கியாவா கிராஸா என்னும் கருந்திராட்சை. பெரிய குலை, பெரிய மணி, மெல்லிய தோல், குறைந்த துவர்ப்பு, மிகுந்த சாறு ஆகியவை அதன் இயல்புகள். அதன் மது வெளிர்சிவப்பு நிறமும் ஸ்டிராபெரிப் பழத்தின் இளமணமும் கொண்டது. இக்கொடி மலை கடந்து ஜெர்மனிக்குச் சென்றபோது டிரோலிங்கர் எனப்பட்டது. டிரோல் நாட்டது என்பது அதன் பொருள். ஆங்கில நாட்டிற்குச் சென்றபோது கறுப்பு ஹாம்பர்க் எனப்பட்டது. ஹாம்பர்க் திராட்சை விளையும் ஊர் அன்று. வடகடலை நோக்கிய துறைமுகம். பெயர் பிறந்த ஊரைக் கூறாமல் வந்த வழியைக் கூறுகின்றது. வரலாற்று மாணவர் பெயர்களை நம்புமுன் அவற்றை ஆராய வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆங்கில நாட்டின் குளிரில் திராட்சை வெளியில் கனிவது அரிது. ஆகவே பெருஞ்செல்வர்கள் தம் மாளிகைத் தோட்டங்களில் கண்ணாடி வீடுகள் அமைத்து, உள்ளே கொடி வளர்த்தனர். இலண்டனை அடுத்த ஹாம்ப்டன் அரண்மனையில் 1768-ஆம் ஆண்டளவில் நட்ட கறுப்பு ஹாம்பர்க் கொடி ஒன்று இன்றும் உயிருடன் நின்று காய்க்கின்றது.

இத்தகைய கண்ணாடி வீடு ஒன்றில்தான் நம் கதையின் திருப்பம் நிகழ்ந்தது. பெட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் ரெஸ்ட் பார்க் என்னும் மாளிகை உண்டு. அங்கே தோட்டக்காரராக இருந்தவர் ஸீவர்ட் ஸ்நோ. கறுப்பு ஹாம்பர்க்கின் பூவில் அலெக்சாந்திரியா மஸ்கட்டின் மகரந்தத்தைச் சேர்த்து, அதனால் உண்டான விதையை முளைக்க வைத்து, அவர் ஒரு புதிய கொடியைப் பெற்றார். இது நிகழ்ந்தது 1850-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். தாயின் கருநிறமும் மெல்லிய தோலும், தந்தையின் நறுமணமும் அதில் ஒருங்கே அமைந்தன. இருவரின் பெயரையும் இணைத்து ஹாம்பர்க் மஸ்கட் என்று அதனை வழங்கினர். தோட்டக்காரர் கூறிய பெற்றோர் உண்மையான பெற்றோரே என்பதை, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 2003-ஆம் ஆண்டில், இத்தாலியின் கோனெலியானோ நகரத்து ஆராய்ச்சியாளர் மரபணுச் சோதனையால் உறுதி செய்தனர்.

அந்த ஹாம்பர்க் மஸ்கட்டே நம் பன்னீர்த் திராட்சை.

இவ்விடத்தில் வியக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. திராட்சையை விதையிட்டு வளர்த்தால் தாயின் குணம் அப்படியே வராது. ஆகவே முற்றிய தண்டை வெட்டி, குச்சியாக நட்டே பயிராக்குவர். குச்சியிலிருந்து வளரும் கொடி புதிய உயிர் அன்று. பழைய கொடியின் தொடர்ச்சியே. எனவே சுருளிப்பட்டியின் பந்தலில் இன்று படர்ந்திருக்கும் ஒவ்வொரு பன்னீர்க் கொடியும், ஆங்கில நாட்டுக் கண்ணாடி வீட்டில் ஒருநாள் முளைத்த ஒற்றை விதையின் நீட்சியாகும்.

ஆங்கிலேயர் துறைமுகத்தின் பெயரை இட்டனர். நம்மவரோ மணத்தை முகர்ந்து பெயரிட்டனர். தமிழர் பன்னீர் என்றனர். கன்னட நாட்டில் இதே திராட்சைக்கு குலாபி என்பது பெயர். பாரசீக மொழியில் 'குல்' என்பது ரோஜா. 'ஆப்' என்பது நீர். குலாபி என்னும் சொல்லுக்குள்ளும் பன்னீரே ஒளிந்திருக்கின்றது. ஒருவரை ஒருவர் கேட்காமல் இரு மொழியினரும் ஒரே மணத்தை உணர்ந்து ஒரே பெயரை அடைந்தனர். இது வெறும் கற்பனையா? வேதியியல் அறிஞர் கூறும் விடையைக் கேளுங்கள். மஸ்கட் குடும்பத்தின் மணத்திற்குக் காரணமான பொருள்களுள் முதன்மையானவை லினலூல், ஜெரனியால், நெரால் என்பன. ஜெரனியால் ரோஜாப்பூவின் எண்ணெயிலும் உள்ளது. லினலூல் நம் சமையலறையின் கொத்தமல்லி விதையில் நிறைந்துள்ளது. ஆய்வுக்கூடம் காணுமுன்னரே நம் மக்களின் மூக்கு உண்மையைக் கண்டுவிட்டது.

இனி வரலாற்றுச் சிக்கல் ஒன்றைப் பார்ப்போம். பன்னீர்த் திராட்சையைத் தமிழகத்திற்கு முதன்முதலில் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்றும், அது நிகழ்ந்தது 1832-ஆம் ஆண்டு என்றும் ஒரு செய்தி வழங்கிவருகின்றது. செய்தித்தாள்களும் அதனைப் பலமுறை எடுத்தெழுதியுள்ளன. இதனை எவ்வாறு மதிப்பிடுவது?

பிரெஞ்சுப் பாதிரியார் என்னும் பகுதி பொருத்தமாகவே உள்ளது. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை மது இன்றியமையாதது. ஆகவே குருமார் சென்ற இடமெல்லாம் கொடி நட்டுப் பார்த்தது உலகெங்கும் காணப்படும் வழக்கம். பாரிஸ் வெளிநாட்டு வேதபோதகச் சபையினர் 1776 முதல் புதுச்சேரியை நிலையமாகக் கொண்டு தமிழகத்தில் பணியாற்றினர். பிரெஞ்சு இயேசு சபையார் 1838-இல் மதுரைப் பகுதிக்கு வந்தனர். எனவே 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழ்நாட்டில் கொடி நடுவது இயலாத செயல் அன்று.

ஆனால் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ஹாம்பர்க் மஸ்கட் பிறந்தது 1850-ஐ ஒட்டி. பிறவாத குழந்தையை எவரும் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே தோளில் சுமந்து வர இயலாது! ஆகவே 1832-இல் வந்த கொடி ஒன்று இருப்பின், அது இப்போதுள்ள பன்னீர்க் கொடி ஆகாது. மஸ்கட் குடும்பத்தின் மூத்த வகைகளுள் ஒன்றாகவோ, முற்றிலும் வேறொரு திராட்சையாகவோ இருத்தல் வேண்டும். ஹாம்பர்க் மஸ்கட் பின்னாளில் வந்து, தன் இனிமையால் அதன் இடத்தைப் பெற்றது என்று கொள்வதே பொருந்தும். வழிவழிச் செய்தியை முற்றிலும் தள்ளிவிடவும் வேண்டா. கண்மூடி ஏற்கவும் வேண்டா. அதனுள் உள்ள ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். நபர் பொருந்தலாம், காலம் பொருந்தாமல் போகலாம். வரலாறு பயிலும் மாணவருக்கு ஒரு திராட்சைக் குலை கற்பிக்கும் பாடம் இது.

கொடி வந்தது, அதனைக் காய்க்க வைத்தது யார்? இந்திய நாட்டின் தட்பவெப்பத்தில் திராட்சை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் காய்க்கும் என்பது பழைய அனுபவம். 14-ஆம் நூற்றாண்டில் தௌலதாபாத்தைக் கண்ட மொராக்கோப் பயணி இபன் பத்தூதா, அங்கே திராட்சை ஆண்டுக்கு இருமுறை பலன் தருவதாக எழுதியுள்ளார். கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் அதனினும் ஒருபடி மேலே சென்றனர்.

குளிர் இல்லாத நாட்டில் கொடி தானாக உறங்குவதில்லை. இலை தழைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் குலை தோன்றாது. உழவர் கவாத்துக் கத்தரியை எடுத்து, முற்றிய கிளைகளைக் கணு எண்ணி வெட்டுகின்றனர். வெட்டுண்ட கொடி அதிர்ந்து விழிக்கின்றது. கணுக்களில் புதுத்துளிர் எழுகின்றது. துளிரோடு பூங்கொத்தும் எழுகின்றது. இத்தாலியில் பனிக்காலம் செய்யும் வேலையை இங்கே கத்தரி செய்கின்றது. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் பறிக்கலாம். இவ்வாறு இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை எடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் பூ நிற்கும்; அதற்கு அடுத்ததில் பழம் பறிப்பர். ஆகவே வட இந்தியாவிலும் மராட்டிய நாட்டிலும் திராட்சை ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் கம்பத்துக் குலைகள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு நீர் வேண்டும். மேற்கே அரபிக்கடல் நோக்கி ஓடிய பெரியாற்று நீரை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பெரியாறு அணைத்திட்டம் 1895-ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஜான் பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் பெயரை இப்பள்ளத்தாக்கின் மக்கள் இன்றும் நன்றியுடன் நினைக்கின்றனர். வாய்க்கால் நீர் நெல்வயல்களுக்குப் பாய்கின்றது. அதன் ஊற்றால் கிணறுகள் நிரம்புகின்றன. கிணற்று நீர் தோட்டக்கால் பயிர்களை வாழ்விக்கின்றது. நீரோடு மக்களின் உழைப்பும் சேர வேண்டும். கவாத்து செய்தல், துளிரைக் கம்பியில் கட்டுதல், குலையைச் சீர்ப்படுத்துதல், பறித்தல், பெட்டியில் அடுக்குதல் ஆகிய யாவும் கை வேலைகளே. கனியும் வேளையில் மழை பெய்தால் மணி வெடிக்கும். ஈரம் நீடித்தால் அடிச்சாம்பல் நோய் இலையைத் தின்னும். ஒரே இரவு மழை நான்கு மாத உழைப்பைக் கொண்டுபோன ஆண்டுகளும் உண்டு.

பன்னீர்த் திராட்சையின் சிறப்பே அதன் இடர்ப்பாடும் ஆகும். தாயிடமிருந்து பெற்ற மெல்லிய தோல் வாயில் கரைகின்றது. ஆனால் நெடுந்தொலைவுப் பயணத்தில் நசுங்குகின்றது. மேலும் அதற்கு விதை உண்டு. விதையில்லாத் திராட்சையைக் கடையில் தேடுவோர் பெருகிய காலத்தில், விதையுள்ள மணத்திராட்சை தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பழத்தின் பெயர் எவருக்கும் பொதுவாக இருந்தால், வேறெங்கோ விளைந்ததும் அதே பெயரில் விற்கப்படும்; உழைத்தவருக்கு உரிய விலை கிட்டாது.

இத்தகைய இடரை இத்தாலியர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டனர். கியாந்தி மதுவின் புகழைப் பிறர் திருடுவதைக் கண்ட டஸ்கனியின் மாமன்னர் மூன்றாம் கோசிமோ, 1716-ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்து, கியாந்தி உள்ளிட்ட நான்கு பகுதிகளின் எல்லைகளை வரையறுத்தார். அவ்வெல்லைக்கு வெளியே விளைந்தது அப்பெயரைச் சூடக்கூடாது என்பது அதன் கருத்து. ஊரின் பெயரைச் சட்டத்தால் காக்கும் முயற்சிகளுள் உலகிலேயே மிகப் பழையவற்றுள் அது ஒன்று. பிரெஞ்சு நாட்டின் வென்தூ மலைச்சாரலில் விளையும் உண்ணும் திராட்சைக்கு 1997-ஆம் ஆண்டில் அத்தகைய பாதுகாப்பு வழங்கப்பட்டது. அத்திராட்சை எது தெரியுமா? அதுவும் ஹாம்பர்க் மஸ்கட்டே. நம் பன்னீரின் உடன்பிறப்பு!

இந்திய நாடு புவிசார் குறியீட்டுச் சட்டத்தை 1999-ஆம் ஆண்டில் இயற்றியது. அதன் பதிவகம் சென்னையிலேயே உள்ளது. 2023-ஆம் ஆண்டில் 'கம்பம் பன்னீர்த் திராட்சை' அப்பதிவேட்டில் இடம்பெற்றது. கோசிமோவின் ஆணை கியாந்திக்குச் செய்ததை இப்பதிவு கம்பத்திற்குச் செய்ய முயல்கின்றது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தாய் இத்தாலியில், பிறப்பு ஆங்கில நாட்டில், உடன்பிறப்பு பிரெஞ்சு நாட்டில் எனில், இப்பழத்தைக் கம்பத்தின் பழம் என்று கூறுவது எவ்வாறு தகும்? வினா நியாயமானது; விடையும் எளியது. குறியீடு கொடியின் குலத்திற்கு வழங்கப்படவில்லை. அதனை ஒரு நிலத்தில் ஒரு தனி முறையால் விளைவித்த மக்களின் திறமைக்கே வழங்கப்பட்டது. சாஞ்சோவேஸே பல நாடுகளில் விளைகின்றது. கியாந்தி ஓரிடத்திலேதான் பிறக்கும். அதுபோலவே ஹாம்பர்க் மஸ்கட் பல நாடுகளில் உண்டு; இரண்டு ஆண்டில் ஐந்துமுறை விழித்தெழுந்து, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் கனிந்து நிற்கும் ஹாம்பர்க் மஸ்கட்டைக் காணக் கம்பத்திற்குத்தான் வரவேண்டும். மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவற்றை நம்முடையவை என்று கூற நாம் தயங்குவதில்லை. நட்டுக் காத்து வளர்த்த கையே பயிருக்கு உறவு.

மாணவ நண்பர்களே, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் திராட்சை மது மண்சாடியில் அடைபட்டு, கப்பலேறி, பாண்டியனின் பொற்கலத்தை அடைந்தது. அதை அருந்தியவர் அரசரும் செல்வரும். அதே நாட்டின் கொடி, பல துறைகளைக் கடந்து, பல பெயர்களைத் தாங்கி, இறுதியில் கம்பத்துப் பந்தலை அடைந்தபோது, அது மது வடிவை விட்டுப் பழ வடிவிலேயே எளிய மக்களின் கையை அடைந்தது. தெருவண்டியில் கூவி விற்கும் பழமாக, நோயுற்றவரைக் காணச் செல்வோர் வாங்கிச் செல்லும் பழமாக, குழந்தைகள் விதையைத் துப்பி விளையாடும் பழமாக அது மாறிவிட்டது.

அடுத்தமுறை பன்னீர்த் திராட்சை ஒன்றை வாயில் இடும்போது சற்றே நிதானித்துச் சுவையுங்கள். மெல்லிய தோல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துத் தாயின் கொடை. மணம் சிசிலிக் கடலின் தீவில் வாழும் தந்தையின் கொடை. அவ்விரண்டையும் நம் வெயிலில் கனிய வைத்தது, பந்தலின் கீழ் நாள் முழுவதும் தலைக்கு மேல் கை தூக்கி நின்று உழைத்த நம் மக்களின் கொடை.